மாமான்னா யாரு? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "ஒரே வார்த்தை, ஊருக்கு ஊரு வேற அர்த்தம், அப்படி உங்களுக்குத் தெரிஞ்சது எது"ன்னு கேட்டிருந்தோம். வந்த கடிதங்கள்ல பெரும்பாலும் உறவுமுறை வார்த்தைங்கதான், அதுலயும் மாமாவுக்குத்தான் மெஜாரிட்டி. அதனால இந்தத் தடவ பக்கம் முழுக்க அதுக்கே.

கேள்வி: என் மகன் ஜார்ஜியா நாட்டுல, திபிலிசியில எம்பிபிஎஸ் படிக்கிறான். வாடகைக்கு இருக்குற வீட்டு ஓனரோட பொண்ணு, பெத்த அப்பாவையே "மாமா, மாமா"ன்னு கூப்பிடுது. வீடியோ கால்ல நானே கேட்டேன். இது என்ன முறைங்க?
– வாசகி, கரூர்

பதில்: உங்க காதுல விழுந்தது சரிதாங்க. ஜார்ஜிய மொழியில மாமான்னா அப்பா. அம்மாவுக்கு "தெதா". உலகத்துல பல ஊர்ல அம்மாவுக்குப் போன சத்தம் இங்க அப்பாகிட்ட போயிருக்கு, நம்ம ஊர்ல அம்மாகூடப் பொறந்தவர்கிட்ட போயிருக்கு. சர்ச்சுல பாதிரியாரக் கூப்பிடவும் இதே வார்த்தைதான், கூப்பிடுறப்ப "மாமாவோ"ன்னு நீட்டுவாங்க. "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே"ங்குற ஜெபம் அவங்களுக்கு "மாமாவோ ச்வேனோ"ன்னுதான் ஆரம்பிக்கும்.

அப்போ அம்மாங்குற சத்தம் அங்க இல்லாததால அம்மாவுக்கு மவுசு கொறைவோன்னு நெனச்சுடாதீங்க. திபிலிசியில சோலோலாக்கி மலை மேல 20 மீட்டர் ஒசரத்துக்கு அலுமினியத்துல ஒரு பொம்பளை செலை நிக்கும், உங்க மகன் தினமும் பாத்திருப்பார், ஒரு கையில ஒயின் கிண்ணம், இன்னொரு கையில வாள், விருந்தாளியா வந்தா கிண்ணம், எதிரியா வந்தா வாள்னு அர்த்தம், 1958-ல வெச்சது, பேரு "கார்த்லிஸ் தெதா", அதாவது ஜார்ஜியத் தாய். தலைநகரத்துக்கு அவங்க சொல்றது "தெதாகலாகி", தாய் நகரம். பூமி "தெதாமித்சா". தாய்மொழி "தெதா ஏனா", அந்தப் பேர்லயே 1876-ல யாகோப் கோகெபாஷ்விலி போட்ட அரிச்சுவடிய வெச்சுத்தான் தலைமுறை தலைமுறையா எழுத்துக் கத்துக்கிட்டாங்க. 1978-ல புது அரசியல் சட்டம் போடுறப்ப ஜார்ஜிய மொழிக்கு இருந்த ஆட்சிமொழி அந்தஸ்த எடுக்கப் பாத்தாங்க, சோவியத் ஆட்சி நடக்குற காலம், வாயத் தொறக்கவே யோசிப்பாங்க, அப்படியும் ஏப்ரல் 14 அன்னிக்கு திபிலிசியில ஜனம் தெருவுல எறங்கிடுச்சு, அரசு பின்வாங்குச்சு. இன்னைக்கும் அந்தத் தேதி அங்க மொழி நாள். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் தெரிஞ்ச நமக்கு இத யாரும் வெளக்க வேண்டியதில்ல.

இன்னொரு விஷயத்தையும் மகன கவனிக்கச் சொல்லுங்க. அந்த வீட்டம்மா மகளக் கொஞ்சுறப்ப அவளையே "தெதா"ம்பாங்க, அப்பா அவளையே "மாமா"ம்பார். தனக்கு உரிய பேரையே பிள்ளைக்கு எடுத்துக் குடுக்குறது. அரபு வீடுகள்லயும் இப்படித்தான். நாமளும் பெத்த பிள்ளையப் பாத்து "சாப்பிட வாம்மா", "ஏம்பா அழுவுற"ன்னு சொல்றோம், யோசிச்சுப் பாத்தா அது அதேதான்.

கேள்வி: தாய்மாமாவும் மாமா, அத்தை வீட்டுக்காரரும் மாமா, மாமனாரும் மாமா, எங்க பக்கம் கட்டுனவரையும் மாமான்னுதான் கூப்பிடுவோம். வடக்க இருந்து வந்த என் மருமகளுக்கு இது புரியவே மாட்டேங்குது. எப்படிச் சொல்லிப் புரிய வெக்கிறது?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: மருமகளுக்குக் கொழப்பம் வர்றது நியாயம்தான், ஏன்னா இந்தியிலயும் மாமா இருக்கார், ஆனா அவர் அம்மாகூடப் பொறந்தவர் மட்டும்தான். அத்தை வீட்டுக்காரர் பூஃபா, மாமனார் சசுர், எல்லாத்துக்கும் தனித்தனி பேர். எல்லாத்தையும் விட முக்கியம், அங்க மாமா பொண்ணு தங்கச்சி முறை. நம்ம ஊர்ல மாமா பொண்ணு முறைப்பொண்ணு. வார்த்தை ஒண்ணு, நடுவுல எவ்ளோ பெரிய பள்ளம் பாருங்க.

நம்ம கணக்கு ரொம்ப ஒழுங்கான கணக்குங்க. மாமா மகளக் கட்டலாம், அத்தை மகளக் கட்டலாம்னு ஒரு வழக்கம் இருந்தா, தாய்மாமாவே மாமனார் ஆயிடுறார், அத்தை புருஷனும் மாமனார் ஆயிடலாம், அப்போ மூணு பேருக்கும் ஒரே பேரு போதும். அக்காவக் கட்டுனவர், கட்டுன புருஷன் எல்லாரும் அந்த "கட்டிக்கிற பக்கத்து" ஆம்பளைங்கங்குறதால சில ஊர்ல அவங்களும் மாமா. பெரியப்பா சித்தப்பா இந்தப் பட்டியல்ல வரவே மாட்டாங்க, அவங்க அப்பா பக்கம், அவங்க பிள்ளைங்க அண்ணன் தங்கச்சி. இப்போ சொந்தத்துல கட்டுறது கொறைஞ்சிட்டு வருது, டாக்டருங்களும் வேண்டாம்னு சொல்றாங்க, நல்லதுதான், ஆனா பேருங்க மட்டும் பழைய கணக்குலயே நிக்குது.

இத உலகத்துக்கு எடுத்துச் சொன்ன ஆராய்ச்சியில உங்க பக்கத்துக்கும் பங்கு உண்டு. லூயி டூமோன்னு ஒரு பிரெஞ்சு மானிடவியல் அறிஞர் 1949-50-ல தமிழ்நாட்டுக்கு வந்து பிரமலைக் கள்ளர் மக்களோட இருந்து ஆராய்ச்சி பண்ணார், நம்ம உறவுப் பேருங்களோட அடிப்படையே கல்யாண உறவுதான்னு அவர் 1953-ல எழுதுனது இன்னைக்கும் பேசப்படுது. அவருக்கும் முன்னாடி 1871-ல அமெரிக்காவுல லூயிஸ் ஹென்றி மார்கன் உலகம் பூரா உறவுமுறைப் பேருங்கள சேகரிச்சு ஒரு பெரிய புத்தகம் போட்டார். அதுல தமிழர் கணக்கும் நியூயார்க் பக்கத்து இரோகுவா பழங்குடிங்க கணக்கும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்குறதப் பாத்து அசந்துபோனார், வார்த்தைங்களுக்குள்ள ஒரு சம்பந்தமும் கெடையாது, ஆனா யார யாரோட சேக்கணும்ங்குற அமைப்பு ஒண்ணு. அத வெச்சு செவ்விந்தியர்கள் ஆசியாவுல இருந்து வந்தவங்கன்னு நிரூபிச்சுட்டதா நம்புனார். அவங்க முன்னோர் ஆசியாவுல இருந்து போனவங்கங்குறது உண்மைதான், ஆனா இந்த ஒத்துமை அதுக்கு ஆதாரம் ஆகாது, ஒண்ணுக்கொண்ணு தொடர்பே இல்லாத ஊருங்கள்லயும் இந்த மாதிரி அமைப்பு தானா உருவாகியிருக்கு.

வங்காளதேசத்துல மாமா இன்னும் அகலமா போயிருக்கார். டாக்காவுல ரிக்ஷாக்காரர், டீக்கடைக்காரர், பஸ் கண்டக்டர் எல்லாரும் மாமாதான், மரியாதையும் உரிமையும் கலந்து கூப்பிடுற பேரு. நம்ம ஊர்ல இந்த வார்த்தைய தெருவுல புரோக்கர் வேலைக்கு ஒட்டவெச்சுட்டாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம். காதுகுத்துக்கு மடியில ஒக்காரவெச்சுக்குற மனுஷனோட பேரு அது.

கேள்வி: சீனாவுல மாமா, ரஷ்யாவுல மாமா, ஆப்பிரிக்காவுல சுவாஹிலி பேசுறவங்ககிட்டயும் மாமா, எல்லாம் அம்மாதான். எப்படி இவ்ளோ தூரத்துல ஒரே வார்த்தை?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இதுக்கான பதில் அகராதியில இல்ல, கைக்குழந்தை வாயில இருக்கு.

ஆறேழு மாசக் குழந்தை பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சும்மா சத்தம் போட்டு வெளையாடும் பாருங்க, அதுல மொதல்ல வர்றது உதட்ட மூடித் தொறந்தா வர்ற சத்தங்க, ம, ப, அப்புறம் நாக்கு நுனியில த, ந. உயிர்ல ஆ-தான் சுலபம், வாயத் தொறந்தாலே போதும். ரெண்டையும் சேத்து திருப்பித் திருப்பிச் சொன்னா மாமா, பாப்பா, தாத்தா, நானா. ரோமன் யாக்கப்சன்னு ஒரு பெரிய மொழியியல் அறிஞர் 1960-ல வெளியான கட்டுரையில இத ரொம்ப அழகா விளக்குனார். குழந்தை பால் குடிக்கிறப்ப வாய் அடைச்சிருக்கும், அப்போ மூக்கு வழியா "ம்ம்"ன்னு ஒரு முனகல் மட்டும்தான் வர முடியும், அப்புறம் பசிச்சாலோ, பால் குடுக்குறவளப் பாத்தாலோ அதே முனகல் வருது, வாயத் தொறந்ததும் அது "மா" ஆயிடுது. மர்டாக்னு ஒரு மானிடவியல் அறிஞர் சேகரிச்ச 1,072 வார்த்தைங்கள வெச்சு அவர் பாத்தார், அம்மாவுக்கான வார்த்தைங்கள்ல 55 சதவீதத்துல ம, ந, ங மாதிரி மூக்கொலி இருக்கு, அப்பாவுக்கானதுல 15 சதவீதம்தான்.

இதுல முக்கியமான விஷயம், குழந்தை யாரையும் கூப்பிடல. அது சத்தம் போடுது. பக்கத்துல இருக்குற பெரியவங்கதான் "என்னத்தான் கூப்பிடுது"ன்னு எடுத்துக்குறாங்க. யார் எடுத்துக்குறாங்கங்குறது ஒவ்வொரு சமூகமும் செஞ்சுக்கிட்ட ஏற்பாடு. சில சமயம் ஆளே எடுத்துக்கல, சாப்பாடு எடுத்துக்குச்சு: நம்ம குழந்தைக்கு சோறு "மம்மு", ஜப்பான் குழந்தைக்கும் சாப்பாடு "மன்மா". லத்தீன்ல "மம்மா"ன்னா அம்மாவும் உண்டு, மார்பும் உண்டு, அதுல இருந்துதான் 1758-ல லின்னேயஸ் பாலூட்டி உயிரினங்களுக்கு மம்மேலியான்னு பேர் வெச்சார், இன்னைக்கு ஆஸ்பத்திரியில எழுதிக்குடுக்குற மேமோகிராம் வரைக்கும் அதே வார்த்தைதான்.

நடு ஆஸ்திரேலியாவுல உலுரு பாறை இருக்குற பக்கம் பிட்ஜன்ட்ஜாரா பேசுறவங்களுக்கு ஜார்ஜியா மாதிரியே மாமான்னா அப்பா. அம்மாவுக்கு "ஙுஞ்சு". அந்த வார்த்தைய எழுத ஆங்கிலத்துல எட்டு எழுத்து போட்டுக் கஷ்டப்படணும், நம்ம ங-வும் ஞ்-சும் அதுக்காகவே செஞ்ச மாதிரி ஒக்காருது.

சுவாஹிலி கேட்டதால ஒண்ணு சொல்லிடுறேன். கென்யாவுல காய்கறி விக்கிற அம்மாவுக்கு "மாமா ம்போகா", தான்சானியாவுல தெருவோரம் சாப்பாடு போடுற அம்மாவுக்கு "மாமா ந்தில்யே", எனக்குப் போடுங்கன்னு அர்த்தம். நம்ம "பூக்காரம்மா", "இட்லிக்காரம்மா" மாதிரியேதான்.

கேள்வி: கொரிய சீரியல் பாக்குறேன். அம்மா "ஒம்மா", அப்பா அச்சு அசலா "அப்பா". வாட்ஸ்அப்ல கொரிய மொழியே தமிழ்ல இருந்து வந்ததுன்னு வருது. அ உயிர், ம் மெய், மா உயிர்மெய், இப்படி ஒரு வார்த்தை வேற எந்த மொழியில இருக்கு? நாம ஏன் இத பெருமையா சொல்லக் கூடாது?
– வாசகர், விருதுநகர்

பதில்: உங்க ஆசை புரியுது, எனக்கும் தமிழ் மேல அதே ஆசைதான், அதனாலதான் இத நேராவே சொல்றேன். அம்மா அப்பாவ வெச்சு எந்த ரெண்டு மொழிக்கும் சொந்தம் நிரூபிக்க முடியாது. மேல சொன்ன காரணம்தான், உலகத்துல எந்தக் குழந்தையும் அந்த சத்தத்த போடும். உயிர், மெய், உயிர்மெய்ன்னு அம்மாவ பிரிச்சுக் காட்டுறது கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா "அக்கா", "அப்பா", "அத்தை" எல்லாத்தையும் அதே மாதிரி பிரிக்கலாம்.

ஒரு விஷயம் பாருங்க. தமிழ் பைபிள்ல மாற்கு 14:36-ல இயேசு கெத்செமனேயில "அப்பா பிதாவே"ன்னு ஜெபிக்கிறார். நம்ம ஆளுங்க நெறைய பேர் அந்த "அப்பா" தமிழ்னு நெனச்சுத்தான் வாசிக்கிறாங்க. அது தமிழ் இல்ல, இயேசு பேசுன அரமேய மொழி வார்த்தை, மூலத்துல கிரேக்க எழுத்துல அப்படியே விட்டிருக்காங்க, மொழிபெயர்த்தவங்களும் அப்படியே விட்டுட்டு, பக்கத்துல இருந்த கிரேக்க வார்த்தைய மட்டும் பிதாவேன்னு மாத்துனாங்க. அரமேயத்துலயும் அப்பான்னா அப்பா, தமிழ்லயும் அப்பான்னா அப்பா, ரெண்டுக்கும் சொந்தம் கெடையாது.

கொரியா விஷயத்த மொதல்ல பெருசா எழுதுனது வாட்ஸ்அப் இல்ல, ஹோமர் ஹல்பர்ட்னு ஒரு அமெரிக்கர், 1905-லயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணப் புத்தகம் போட்டார். மொழியியல் அறிஞர்கள் அத ஏத்துக்கல.

அப்போ எதுதான் ஆதாரம்? ஒழுங்கா, வரிசையா மாறுற சத்தம்தான் ஆதாரம். கன்னடத்த எடுத்துக்குங்க. பால் அங்க ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து, புலி ஹுலி, பூ ஹூவு. ஒண்ணு ரெண்டு வார்த்தை இல்ல, நம்ம ப-வுல ஆரம்பிக்கிற வார்த்தைங்க கும்பலா அங்க ஹ-வுக்கு மாறியிருக்கு, பழைய கன்னடத்துல அதெல்லாம் ப-வாவே இருந்ததுக்கு கல்வெட்டு இருக்கு. தெலுங்குல பாலு, பல்லுன்னு ப அப்படியே இருக்கு. இந்த மாதிரி ஒப்பீட்ட வெச்சுத்தான் 1816-ல எல்லிஸும் 1856-ல கால்டுவெல்லும் இதெல்லாம் ஒரே குடும்பம், சமஸ்கிருதத்துல இருந்து வந்ததில்லன்னு காட்டுனாங்க. எவனும் அசைக்க முடியாத பெருமை அது, அத விட்டுட்டு ஏன் நாம "ஒம்மா"வப் புடிச்சுத் தொங்கணும்?

அப்படி பழைய தமிழ வெச்சு ஒப்பிடணும்னா குழந்தை வார்த்தைய எடுக்காம குறுந்தொகை 40-வது பாட்டுல வர்ற யாய், ஞாய், எந்தை, நுந்தையையும் அதுக்கு ஜோடியான தாய், தந்தையையும் எடுங்க. யாய்னா என் அம்மா, ஞாய்னா உன் அம்மா, தாய்னா அவங்க அம்மா. எந்தை என் அப்பா, நுந்தை உன் அப்பா, தந்தை அவங்க அப்பா. யாரோட அம்மாங்குறது வார்த்தைக்குள்ளயே இருக்கு. இப்போ நாம "உங்க தாய்", "என் தந்தை"ங்குறோம், அந்த வேறுபாடு கரைஞ்சு போச்சு. கொரிய மொழியில இதுக்கு ஜோடி காட்டுனா நானே மொதல்ல கை தட்டுவேன்.

ஜப்பான்ல நடந்ததையும் சொல்லிடுறேன், கன்னடக் கதையேதான். இப்போ அங்க அம்மாவுக்கு "ஹஹா". ரொம்பப் பழைய காலத்துல அது "பபா"வா இருந்தது, அப்புறம் உதட்ட லேசா சேத்து ஊதுற மாதிரி "ஃபஃபா", அப்புறம் "ஹஹா". 1516-ல தொகுத்த ஒரு விடுகதைத் தொகுப்புல ஒண்ணு இருக்கு: அம்மாவ ரெண்டு தடவ சந்திக்கும், அப்பாவ ஒரு தடவகூட சந்திக்காது, அது என்ன? பதில், உதடு. இன்னைக்கு ஹஹா சொன்னா உதடு சந்திக்கவே சந்திக்காது, விடுகதை புரியாது. அந்தக் காலத்துல ஃபஃபான்னு சொல்லியிருக்காங்கங்குறதுக்கு அந்த விடுகதையே சாட்சி.

கேள்வி: நான் ஹட்டன். கொழும்பில வேலை. சிங்களத்தில "மம" என்றால் நான், "மாமா" என்றால் மாமா. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கா?
– வாசகர், இலங்கை

பதில்: இல்லீங்க, குறில் நெடில் வித்தியாசத்துல ரெண்டு தனி வார்த்தைங்க. "மம"வுக்கு வேர் சமஸ்கிருதம், பாலி பக்கம் இருக்கு, அங்க மம-ன்னா "என்னுடைய", சிங்களத்துல அதுவே "நான்" ஆயிடுச்சு. நீங்க அத தமிழ்லயும் தினமும் தொட்டுக்கிட்டுத்தான் இருக்கீங்க. மமதைங்குறோமே, அது இந்த மம-தான், என்னுது என்னுதுங்குற எண்ணம். ஐயர் வெச்சு நடக்குற கல்யாணத்துல தாலி கட்டுறப்ப "மாங்கல்யம் தந்துனானேன மம ஜீவன ஹேதுனா"ன்னு சொல்றாரே, அந்த மம "என்னுடைய", என் ஜீவனுக்குக் காரணமான இந்தக் கயிறுன்னு மாப்பிள்ளை சொல்ற வாக்கு. ஹோமத்துல ஆகுதி போட்டுட்டு "ந மம"ம்பாங்க, இது என்னுது இல்லன்னு அர்த்தம்.

கேள்வி: பாப்பான்னா நமக்கு குழந்தை, வெள்ளைக்காரங்களுக்கு அப்பா. வேற எங்கயாவது வேற மாதிரி உண்டா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: நெறைய. ஸ்பானிஷ்ல அழுத்தம் கடைசியில வந்தா அப்பா, முன்னாடி வந்தா போப்பாண்டவர், அதுவே பெண்பாலா சொன்னா லத்தீன் அமெரிக்காவுல உருளைக்கிழங்கு. கிழங்குக்கு அந்தப் பேர் வந்தது ஆண்டீஸ் மலை கெச்சுவா மொழியில இருந்து, அப்பாவோட ஒட்டும் இல்ல உறவும் இல்ல. நியூசிலாந்து மாவோரி மக்களுக்கு பாப்பா பூமித்தாய், முழுப்பேரு பாப்பாதூவானூக்கு, வானத்தந்தை ரங்கிநூயியோட மனைவி. கிழக்கு ஜார்ஜியா பக்கம் தாத்தாவையே பாப்பாம்பாங்க.

கேள்வி: என் 7 மாசப் பேத்தி "தாத்தா தாத்தா"ங்குறா. என்னத்தான் மொதல்ல கூப்பிட்டான்னு நான் சொல்றேன், யாரும் ஒத்துக்க மாட்டேங்குறாங்க. நீங்க தீர்ப்பு சொல்லுங்க.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: சத்தம் உங்க பேர்ல இருக்குறது உங்க அதிர்ஷ்டம் ஐயா. இதே பிள்ளை சிங்கள வீட்டுல பொறந்திருந்தா அவ அப்பா சந்தோஷப்பட்டிருப்பார், அங்க தாத்தான்னா அப்பா. போலந்துல, ருமேனியாவுலயும் தாத்தான்னா அப்பா, தென்னாப்பிரிக்காவுல கோசா மொழியிலயும் அப்படித்தான், மண்டேலாவ ஜனங்க தாத்தான்னு கூப்பிட்டது அந்த அர்த்தத்துலதான். அதனால 7 மாசத்துல அவ சொல்றது சத்தமா, உங்களையான்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது.

ஆனா அவளுக்கு ஒண்ணுமே புரியலன்னும் நெனைக்காதீங்க. 1999-ல வெளியான ஒரு ஆய்வுல 6 மாசக் குழந்தைங்களுக்கு அவங்க அம்மா வீடியோவையும் அப்பா வீடியோவையும் பக்கத்துப் பக்கத்துல போட்டுக் காட்டி "மம்மி"ன்னும் "டாடி"ன்னும் குரல் குடுத்தாங்க, குழந்தைங்க எந்தப் பேரக் கேட்டுச்சோ அந்த ஆள அதிக நேரம் பாத்துச்சு. தெரியாத பொம்பளை, தெரியாத ஆம்பளை வீடியோவ வெச்சு அதே பேரச் சொன்னப்ப அப்படிப் பாக்கல. சொல்றதுக்கு முன்னாடியே பேரு யாருக்குன்னு புரிஞ்சிடுது. அதனால அவ தாத்தாங்குறப்ப எல்லாம் நீங்க முன்னாடி வந்து நில்லுங்க, திரும்ப நாலு வார்த்தை பேசுங்க. யாராவது உங்களக் காட்டி "தாத்தா எங்க?"ன்னு கேட்டு அவ உங்க பக்கம் திரும்புனா தீர்ப்ப அவளே சொல்லிடுவா.